பருத்த உடல், கறுப்பு உடல்: ஓர் உரிமை இயக்கத்தின் எழுதப்படாத பக்கங்கள்

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரகங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை ஒன்றைப் பற்றி, கே.எஃப்.எஃப். ஹெல்த் நியூஸ் என்ற செய்தி நிறுவனம் 2025 நவம்பரில் செய்தி வெளியிட்டது. அந்நாட்டில் குடியேற விண்ணப்பிக்கும் அயல்நாட்டவரின் உடல்நிலையை ஆராயும்போது, நீரிழிவு, இதயநோய், புற்றுநோய் ஆகியவற்றோடு உடற்பருமனையும் கருத்தில் கொள்ளுமாறு விசா அதிகாரிகளுக்கு அதில் அறிவுறுத்தப்பட்டிருந்தது. இத்தகையோர் பிற்காலத்தில் அரசின் பணத்தில் மருத்துவம் பார்க்க வேண்டிய 'பொதுச் சுமை' ஆகிவிடுவர் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

'பொதுச் சுமை' என்ற சொல் புதிதன்று. 1882ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்திலேயே அது இடம்பெற்றுவிட்டது. யார் உழைக்கத் தக்கவர், யார் பிறர் உழைப்பில் உண்பவர் என்று தரம் பிரிக்கும் அதிகாரத்தை அச்சொல் அரசுக்கு வழங்குகிறது. அந்தத் தரம் பிரித்தலில் நிறமும் உடலும் சேர்ந்தே எடைபோடப்படுகின்றன. எனவே, பருத்த உடலுக்கான உரிமையைக் கோரி அமெரிக்காவில் எழுந்த இயக்கத்தின் வரலாற்றை இப்போது திரும்பிப் பார்ப்பது பொருத்தமுடையது என்று கருதுகிறோம். அரை நூற்றாண்டைக் கடந்துவிட்ட அவ்வியக்கம் தனக்குள்ளேயே ஒரு கேள்வியை நெடுங்காலமாகச் சுமந்து வருகிறது: இந்த விடுதலை யாருடைய உடலுக்கு?

சொல்லைப் பற்றி முதலில் ஒரு விளக்கம் தேவை. அவ்வியக்கத்தினர் 'அதிக எடை' என்றோ 'உடற்பருமன் நோய்' என்றோ தம்மைக் குறிப்பதை ஏற்பதில்லை. முதற்சொல், 'சரியான எடை' ஒன்று உண்டு என்று முன்கூட்டியே தீர்ப்பு வழங்கிவிடுகிறது. இரண்டாவது சொல், ஓர் உடலைப் பார்த்த மாத்திரத்தில் அதை நோயாக்கிவிடுகிறது. ஆகவே தெருவில் வசையாக எறியப்பட்ட 'குண்டு' என்ற சொல்லையே அவர்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். பிறர் சூட்டிய இழிபெயர்களையும் இரக்கப்பெயர்களையும் ஒருங்கே மறுத்து, 'தலித்' என்ற சொல்லைத் தன் அரசியல் பெயராகத் தேர்ந்துகொண்ட மக்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

எழுதப்பட்ட வரலாறு

இவ்வியக்கத்தின் தொடக்கம் வழக்கமாக இவ்வாறு சொல்லப்படும். 1967 ஜூனில், நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் வானொலி அறிவிப்பாளர் ஸ்டீவ் போஸ்டின் அழைப்பை ஏற்று ஏறக்குறைய 500 பேர் கூடினார்கள். எடைக்குறைப்பு நூல்களையும், மெலிவின் இலக்கணமாகக் கொண்டாடப்பட்ட விளம்பர அழகி ட்விகியின் படத்தையும் எரித்தார்கள். அதே ஆண்டு லூ லவுடர்பேக் என்ற எழுத்தாளர், பருத்தவர்கள் மீதான பாகுபாட்டைக் கண்டித்து ஓர் இதழில் கட்டுரை எழுதினார். அதைப் படித்த பில் ஃபேப்ரி என்ற பொறியாளர், தம் மனைவி அனுபவித்த அவமதிப்புகளைக் கண்டு வருந்தியவர், 1969இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். பருத்த அமெரிக்கர்களுக்கு உதவுவதற்கான தேசியச் சங்கமாகத் தோன்றிய அது, பின்னர் பருமன் ஏற்பை முன்னெடுக்கும் தேசியச் சங்கமாகப் பெயர் மாற்றிக்கொண்டது. சுருக்கமாக 'நாஃபா' என்று அழைக்கப்படும் அவ்வமைப்பு இன்றும் இயங்குகிறது.

தொடக்கக்கால நாஃபா பெருமளவுக்குச் சமூகக் கூடல் அமைப்பாகவே இருந்தது. நடன நிகழ்ச்சிகள், நட்பையும் துணையையும் தேடும் வாய்ப்புகள், தன்மதிப்பு பற்றிய உரையாடல்கள் ஆகியவை அதன் பணிகளாக இருந்தன. இவற்றை அற்பமென்று ஒதுக்க இயலாது. ஒதுக்கப்பட்ட மனிதர்கள் அச்சமின்றிக் கூடுவதற்கு ஓரிடம் கிடைப்பதே ஓர் அரசியல்தான். ஆயினும், லாஸ் ஏஞ்சலிஸ் கிளையைச் சேர்ந்த சில பெண்களுக்கு அது போதவில்லை. மருத்துவத் துறையையும் எடைக்குறைப்பு வணிகத்தையும் நேரடியாகச் சாடத் தொடங்கிய அவர்களைத் தலைமை அடக்கி வாசிக்கச் சொன்னது. அவர்கள் விலகி 'ஃபேட் அண்டர்கிரவுண்ட்' என்ற குழுவாகச் செயல்பட்டார்கள்.

அக்குழுவின் ஜூடி ஃப்ரீஸ்பிரிட்டும் சாரா அல்டிபரானும் 1973 நவம்பரில் ஒரு விடுதலை அறிக்கையை எழுதினார்கள். 1974இல் பாடகி காஸ் எலியட் 32 வயதில் இறந்தபோது, அவ்வாண்டின் பெண்கள் சமத்துவ நாள் நிகழ்ச்சியில் மேடையேறி, அவருடைய சாவுக்கு மருத்துவ உலகமும் பட்டினி உணவுமுறைகளுமே பொறுப்பு என்று குற்றம் சாட்டினார்கள். அவர்களுடைய விடுதலை அறிக்கை, இனவெறி, வர்க்கச் சுரண்டல், பாலின ஒடுக்குமுறை, ஏகாதிபத்தியம் ஆகியவற்றுக்கு எதிரான போராட்டங்களோடு தம் போராட்டமும் தோழமை கொண்டது என்று வெளிப்படையாக அறிவித்தது. ஆனால் அந்த அறிக்கையை எழுதிய அறையில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையினப் பெண்கள். தோழமை தாளில் இருந்தது. தோழர்கள் அறையில் இல்லை.

எழுதப்படாத வரலாறு

அதே லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் அப்போது நடந்துகொண்டிருந்ததை இந்தத் தொடக்கக் கதை சொல்வதில்லை.

ஜானி டில்மன், அர்க்கன்சாஸ் மாநிலத்தில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் 1926இல் பிறந்த கறுப்பினப் பெண். கலிபோர்னியாவுக்கு இடம்பெயர்ந்து, சலவை நிலையத்தில் துணி தேய்க்கும் வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தவர். நோயுற்று அரசு உதவித்தொகை பெறும் நிலை வந்தபோது, அந்த உதவியைப் பெறும் தாய்மார்கள் எவ்வளவு கேவலமாக நடத்தப்படுகிறார்கள் என்பதை அவர் நேரில் கண்டார். 1963இல் தம் குடியிருப்பின் தாய்மார்களைத் திரட்டி ஒரு சங்கம் அமைத்தார். பின்னர் தேசிய நலவுரிமை அமைப்பின் முதல் தலைவரானார்.

1972இல் 'மிஸ்' என்ற பெண்ணிய இதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். அதன் தொடக்கத்தில் தம்மைப் பற்றிய அடையாளங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறார்: பெண், கறுப்பினத்தவர், ஏழை, பருத்த உடலுடையவர், நடுவயதினர், அரசு உதவியில் வாழ்பவர். இவற்றுள் ஒன்று இருந்தாலே அந்த நாட்டில் மனிதராக மதிக்கப்படுவது அரிது. எல்லாம் ஒருவரிடம் சேர்ந்துவிட்டால் அவர் கணக்கிலேயே வருவதில்லை என்பது அவர் வாதம். அரசு உதவித் திட்டம், கொடுமைக்காரக் கணவனைப் போலப் பெண்ணின் வீட்டையும் உடலையும் செலவையும் கண்காணிக்கிறது என்று அவர் எழுதினார். அதற்கு மாற்றாக, அனைவருக்கும் உறுதிசெய்யப்பட்ட வருமானம் வேண்டும் என்று கோரினார்.

ஃபேட் அண்டர்கிரவுண்டின் அறிக்கைக்கு ஓராண்டு முன்பே வெளிவந்த எழுத்து இது. அதில் பருமன் ஒரு தனிப் பிரச்சினையாக நிற்கவில்லை. வறுமையோடும் நிறத்தோடும் வயதோடும் பின்னிய ஒன்றாக நிற்கிறது. நலத்திட்டத்தில் வாழும் கறுப்பினத் தாயைச் சோம்பேறியாகவும் பெருந்தீனிக்காரியாகவும் சித்திரிக்கும் அரசியலுக்கு அது நேரடியான பதில். சில ஆண்டுகளிலேயே ரொனால்டு ரீகன், தம் 1976ஆம் ஆண்டுத் தேர்தல் பரப்புரையில் அரசை ஏமாற்றிச் சொகுசாக வாழும் நலத்திட்டப் பெண்ணின் கதையை ஊர் ஊராகச் சொன்னார். 'மகாராணி' என்ற பட்டம் அந்தப் பெண்களின் தலையில் ஏறியது. 'பொதுச் சுமை' என்று இன்று விசா அதிகாரியின் மேசையில் கிடக்கும் சொல்லுக்கும் அந்தப் பட்டத்துக்கும் வேர் ஒன்றே.

இரண்டாவது பெயர் டெய்சி எலியட். டெட்ராய்ட் நகரிலிருந்து மிச்சிகன் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கறுப்பின உறுப்பினர். குடியரசுக் கட்சியின் மெல்வின் லார்சனோடு இணைந்து அவர் கொண்டுவந்த எலியட்–லார்சன் குடியுரிமைச் சட்டம் 1976இல் நிறைவேறி, 1977இல் நடைமுறைக்கு வந்தது. மதம், இனம், நிறம், பாலினம், வயது ஆகியவற்றோடு உயரத்தையும் எடையையும் காட்டி வேலையிலோ கல்வியிலோ வீட்டுவசதியிலோ பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது அச்சட்டம். எடைப் பாகுபாட்டை வெளிப்படையாகத் தடைசெய்யும் மாநிலச் சட்டமாக அமெரிக்காவில் பல பத்தாண்டுகளுக்கு அது ஒன்றே இருந்தது. சான் பிரான்சிஸ்கோ நகரம் 2000இலும், நியூயார்க் நகரம் 2023இலும்தான் இத்தகைய விதிகளை இயற்றின.

ஆகவே ஓர் உண்மையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பருத்த உடலுக்குச் சட்டப் பாதுகாப்பு தந்த முதற்பெரும் ஆவணத்தில் ஒரு கறுப்பினப் பெண்ணின் பெயர் இருக்கிறது. அது, இனப் பாகுபாட்டுக்கு எதிரான குடியுரிமைப் போராட்டத்தின் அறுவடையாக வந்த சட்டம். அப்படியிருக்க, கறுப்பினத்தவர் இவ்வியக்கத்துக்குள் பிற்காலத்தில் 'சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள்' என்று பேசுவது வரலாற்றைத் தலைகீழாக்குவதாகும். அவர்கள் தொடக்கத்திலேயே களத்தில் இருந்தார்கள். வரலாற்றை எழுதியவர்கள் அந்தக் களத்தைப் பார்க்கவில்லை.

வெறுப்பின் வேர்

பருமன் மீதான வெறுப்பு உடல்நல அக்கறையிலிருந்து பிறந்தது என்பதே பொதுவான நம்பிக்கை. சமூகவியலாளர் சப்ரீனா ஸ்டிரிங்ஸ், 2019இல் வெளிவந்த 'கறுப்பு உடலை அஞ்சுதல்' என்ற பொருளுடைய தம் நூலில் இதை மறுக்கிறார். மருத்துவம் பருமனைக் கண்டிக்கத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்னரே, அட்லாண்டிக் அடிமை வணிகமும் புராட்டஸ்டன்ட் ஒழுக்கவியலும் அந்த வெறுப்பை உருவாக்கிவிட்டன என்பது அவர் முடிவு. அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களை அடக்கமற்ற பசியுடையவர்களாகச் சித்திரித்த ஐரோப்பிய 'இன அறிவியல்', மெலிவை வெள்ளையினப் பெண்ணின் நாகரிகச் சின்னமாக உயர்த்தியது. மருத்துவம் அந்தத் தீர்ப்புக்குப் பின்னால் வந்து முத்திரை குத்தியது.

இதற்குச் சாரா பார்ட்மன் என்ற பெண்ணின் வாழ்க்கையே சாட்சி. தென்னாப்பிரிக்காவின் கோய்கோய் இனத்தைச் சேர்ந்த அவர், 1810இல் லண்டனுக்குக் கொண்டுவரப்பட்டு, அவருடைய உடலமைப்புக்காகவே கட்டணக் காட்சிப் பொருளாக்கப்பட்டார். 1815இல் பாரிஸில் இறந்தபின் ஜார்ஜ் கூவியே என்ற புகழ்பெற்ற அறிவியலாளர் அவர் உடலை அறுத்து ஆராய்ந்தார். அவருடைய எச்சங்கள் 1970கள் வரை பாரிஸ் அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தன. நெல்சன் மண்டேலாவின் அரசு கோரிக்கை வைத்து, நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு, 2002இல்தான் அவர் தாய்மண்ணில் அடக்கம் செய்யப்பட்டார்.

இன்று ஒவ்வொரு மருத்துவமனையிலும் பயன்படும் பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறைக் குறியீட்டெண்ணையும் இதே வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ஃப் கெட்லே என்ற புள்ளியியலாளர் 1830களில் ஐரோப்பியரின் அளவுகளைக் கொண்டு 'சராசரி மனிதனை'த் தேடியபோது உருவான சூத்திரம் அது. தனி மனிதரின் நோயைக் கண்டறிய அவர் அதை வகுக்கவில்லை. 1972இல் ஆன்செல் கீஸ் குழுவினர் ஆண்களை மட்டுமே அளந்த ஓர் ஆய்வின் வழியாக அதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார்கள். அரை நூற்றாண்டுக்குப் பின், 2023 ஜூனில், அமெரிக்க மருத்துவச் சங்கம், இக்குறியீடு பெரிதும் வெள்ளையினத்தவரின் தரவுகளை அடிப்படையாகக் கொண்டது என்றும், இனவெறி நோக்கிலான விலக்கலுக்கு அது பயன்பட்டது என்றும் ஒப்புக்கொண்டது. இதனால் பருமனுக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை என்று பொருளாகாது. ஆசிய உடல்களில் குறைந்த எண்ணிலேயே நீரிழிவு அபாயம் தோன்றுவதைக் கண்டு, 23 என்ற கூடுதல் எச்சரிக்கைப் புள்ளியை உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் பரிந்துரைத்தது. ஓர் எண் எல்லா உடலையும் பேச முடியாது என்பதே இரண்டு தகவல்களும் சேர்ந்து தரும் பாடம்.

அந்த எண் உயிரைப் பறித்தவனுக்கு வழக்கறிஞராகவும் வரும். 2014 ஜூலையில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் எரிக் கார்னர் என்ற கறுப்பினத்தவரைக் காவலர் ஒருவர் கழுத்தை நெரித்துப் பிடித்தார். மூச்சுவிட முடியவில்லை என்று 11 முறை சொல்லிவிட்டு அவர் இறந்தார். நகர மருத்துவப் பரிசோதகர் அதைக் கொலை என வகைப்படுத்தினார். ஆனால் காவலருக்காகப் பேசியவர்கள், கார்னர் அவ்வளவு பருத்திருக்காவிட்டால் இறந்திருக்க மாட்டார் என்றார்கள். குற்றம் நெரித்த கையிலிருந்து நெரிக்கப்பட்ட கழுத்துக்கு மாற்றப்பட்டது. டாஷான் ஹாரிசன் 2021இல் எழுதிய நூல், பருமன் வெறுப்பும் கறுப்பின வெறுப்பும் இரு தனி நோய்கள் அல்ல என்று வாதிடுவதன் பொருள் இந்த வழக்கில் தெளிவாகிறது.

'உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லையே'

வெள்ளையினச் செயற்பாட்டாளர்களிடையே நெடுங்காலம் ஒரு நம்பிக்கை நிலவியது: கறுப்பினச் சமூகம் பருத்த பெண்களை ஏற்றுக்கொள்கிறது, ஆகவே அவர்களுக்கு இவ்வியக்கம் அவ்வளவாகத் தேவையில்லை. புகழ்ச்சி போலத் தோன்றும் இக்கூற்று ஒரு கதவடைப்பு. அமெரிக்கப் பொதுவெளி ஏற்றுக்கொண்ட பருத்த கறுப்பினப் பெண் ஒருத்தி உண்டு. வெள்ளையர் வீட்டுச் சமையலறையில் புன்னகையோடு நிற்கும் பணிப்பெண். ஆன்ட் ஜெமைமா என்ற அப்ப மாவுப் பொட்டலத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அந்தப் பிம்பம் விற்பனையானது. 2020இல்தான் அதைக் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. அந்தச் சமையலறையை விட்டு வெளியே வந்து உரிமை கேட்டவுடன் அதே உடல் சுமையாகிவிடுகிறது. ஏற்பு என்பது ஊழியத்துக்கான ஏற்பு, உரிமைக்கானதன்று.

இதற்கு எதிரான குரல்கள் இயக்கத்துக்குள்ளிருந்தே எழுந்தன. பருத்த தன்பாலீர்ப்புப் பெண்களின் அமைப்பாகத் தோன்றிய 'நோலோஸ்' வழியாக, வெள்ளையரல்லாத செயற்பாட்டாளர்கள் 2010களின் தொடக்கத்தில் வெள்ளையினப் பருமன் அரசியலுக்குக் கூட்டாக ஒரு மறுமொழி எழுதினார்கள். கவிஞர் சோன்யா ரெனி டெய்லர் 2011இல் தொடங்கிய முன்னெடுப்பு, எல்லா உடல்களின் விடுதலையையும் இன நீதியோடு பிணைத்துப் பேசியது. 2021இல் டைக்ரஸ் ஆஸ்போர்ன் என்ற கறுப்பினப் பெண் நாஃபாவின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். எடைப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டங்களை நகரந்தோறும் மாநிலந்தோறும் கோருவதில் அவ்வமைப்பு அதன்பின் கூடுதல் முனைப்புக் காட்டுகிறது. நடன அரங்கிலிருந்து சட்டமன்ற வாயிலுக்கு அமைப்பு நகர்ந்ததையும் தலைமையில் அமர்ந்தவர் மாறியதையும் தனித்தனியே பார்க்க இயலாது.

சந்தை வாங்கிக்கொண்ட முழக்கம்

இதற்கிடையே சந்தை விழித்துக்கொண்டது. 'உடல் நேர்மறை' என்ற பெயரில் முழக்கம் சமூக ஊடகத்துக்கு வந்தபோது, அதன் முகங்களாகப் பெரிதும் கொண்டாடப்பட்டவர்கள் சற்றே சதைப்பிடிப்புள்ள, இடை வளைவுள்ள வெள்ளையினப் பெண்கள். 2020இல் பிரிட்டனைச் சேர்ந்த நியோம் நிக்கலஸ்-வில்லியம்ஸ் என்ற பருத்த கறுப்பின விளம்பர அழகி, தம் மார்பைக் கைகளால் மறைத்தபடி எடுத்த படத்தை இன்ஸ்டாகிராம் திரும்பத் திரும்ப நீக்கியது. மெலிந்த வெள்ளையினப் பெண்களின் இதைவிட வெளிப்படையான படங்கள் அதே தளத்தில் இருந்தன. அவரும் தோழியரும் நடத்திய பரப்புரைக்குப் பிறகே நிறுவனம் விதியை மாற்றியது.

2023இல் நாஃபா முன்னெடுத்த சட்டப் பரப்புரைக்கு டவ் சோப்பு நிறுவனம் துணைநின்றது. டவ், யூனிலீவருடைய வணிகப் பெயர். அதே யூனிலீவரின் இந்தியக் கிளை, 1975 முதல் 'ஃபேர் அண்டு லவ்லி' களிம்பை விற்று, கறுத்த தோலுக்கு வேலையும் இல்லை, மணமும் இல்லை என்று நம் வீடுகளுக்குள் நாள்தோறும் விளம்பரம் செய்தது. 2020இல் அதன் பெயர் 'குளோ அண்டு லவ்லி' ஆயிற்று. களிம்பு கடையில் இருக்கிறது. ஒரு நாட்டில் உடலின் விடுதலைக்குக் கைகொடுப்பதும் மற்றொரு நாட்டில் தோலின் இழிவை விற்பதும் ஒரே கணக்குப் புத்தகத்தில் வரவாகவே பதிவாகின்றன. பணத்தை ஏற்பதா என்பதை அவ்வியக்கம் முடிவு செய்துகொள்ளட்டும். நிறுவனங்களின் தோழமைக்கு எல்லை எங்கே என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இப்போது அலை திரும்புகிறது. எடைக்குறைப்புக்கான வெகோவி ஊசிக்கு அமெரிக்கா 2021 ஜூனில் ஒப்புதல் தந்தது. 2025 ஜூனில் அது இந்தியச் சந்தைக்கும் வந்தது. மருந்தை நாடுவோரைப் பழிப்பது நம் நோக்கமன்று. விலையுயர்ந்த ஊசியால் மெலியக் கூடியவர் மெலிந்த பின்பு, பருமன் என்பது மேலும் வெளிப்படையாக ஏழையின் அடையாளமாகும். அப்போது 'பொதுச் சுமை' என்ற பழிச்சொல் இன்னும் எளிதாக ஒட்டிக்கொள்ளும் என்பதே நம் கவலை.

நாம் கற்க வேண்டியது

கறுஞ்சிறுத்தைகளின் பெயரிலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்ட தலித் சிறுத்தைகள் இயக்கம் 1972இல் பம்பாயில் பிறந்தது. அமெரிக்கக் கறுப்பினப் போராட்டத்திலிருந்து கற்பது நமக்குப் புதிதன்று. ஆனால் அந்நாட்டு முழக்கத்தை அப்படியே இங்கு நட்டுவிட முடியாது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியப் பெண்களில் 24 விழுக்காட்டினர் அதிக எடையுடையோர், 18.7 விழுக்காட்டினர் இருக்க வேண்டிய எடையைவிட மெலிந்தோர். ஒரே தெருவில் பருமனும் பட்டினியும் அருகருகே வாழும் நாட்டில், உடலின் அரசியல் உணவின் அரசியலிலிருந்து பிரிந்து நிற்க இயலாது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, ஓர் இயக்கத்தை அளந்து பார்க்கும் முறையை. 1990களில் தலித் பெண்கள் தமக்கெனத் தனி அமைப்புகளைக் கட்டியபோது, பொதுவான பெண்ணிய இயக்கம் ஆதிக்கச் சாதிப் பெண்களின் வாழ்வையே எல்லாப் பெண்களின் வாழ்வாக எண்ணிக்கொண்டதையும், தலித் இயக்கம் ஆண்களின் குரலையே எல்லோருடைய குரலாகக் கருதியதையும் ஒருங்கே சுட்டிக்காட்டினார்கள். பிளவுபடுத்துகிறார்கள் என்று அவர்கள் மீது பழி சுமத்தப்பட்டது. ஜானி டில்மன் ஒரே பத்தியில் தம் அடையாளங்களை அடுக்கியதும், இவர்கள் தனியே அமைப்பு கட்டியதும் ஒரே அறிவின் இரு வெளிப்பாடுகள். அடித்தட்டில் நிற்பவரின் கோரிக்கை குறுகியதன்று. அவர் மேல் விழும் எல்லாச் சுமைகளையும் இறக்கக் கோருவதால் அதுவே அகன்றது.

அமெரிக்க இயக்கத்தில் தன்மதிப்பு மட்டும் பேசப்பட்டபோது, அதனால் பயன்பெற்றவர்கள் ஏற்கெனவே வேலையும் வீடும் மருத்துவமும் பெற்றிருந்தவர்கள். டில்மனின் வருமானக் கோரிக்கையும் டெய்சி எலியட்டின் சட்டமும் எல்லாப் பருத்த உடல்களுக்கும் பொருந்தும். வெள்ளையினத்தவருக்கும் அவை பொருந்தும். மேடையில் ஒரு நாற்காலி கூட்டிப் போடுவதை உள்ளடக்கம் என்று அழைப்பது எளிது. யார் பேசுகிறார் என்பதோடு, அவர் வந்தபின் கோரிக்கைப் பட்டியல் மாறியதா என்பதையும் கேட்க வேண்டும்.

கல்லூரி வாசகர் வட்டங்களிலும் இயக்கப் பயிலரங்குகளிலும் பெண்ணியம், உடல் அரசியல், மாற்றுத்திறனாளர் உரிமை எனப் பல தலைப்புகள் இப்போது பேசப்படுகின்றன. அந்தப் பேச்சுகளில் துப்புரவுத் தொழிலாளியின் உடலும், செங்கல் சூளைப் பெண்ணின் உடலும், விடுதிச் சோற்றை நம்பி வாழும் மாணவியின் உடலும் எடுத்துக்காட்டாக வந்துபோகின்றனவா, அல்லது கோரிக்கையை வகுக்கும் இடத்தில் இருக்கின்றனவா என்பதை அந்தந்த அமைப்புகளே பரிசீலிக்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்கான தீர்மானங்களை எழுதும் முன்பே அப்பரிசீலனை நடக்க வேண்டும்.